இடதுபக்கத்து நரம்பு

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். வழக்கம்போலச் சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். அறுபது தாண்டிய ஆண்களுக்கு இந்த மாதம் இன்னொரு சோதனை இலவசம் என்று சொல்லி, லேபில் இருந்த பெண் இன்னொரு குழாயையும் நிரப்பிக்கொண்டாள். இலவசம் என்றால் நாம்தான் எதையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டோமே. மறுநாள் பார்த்தால் சர்க்கரை அடக்க ஒடுக்கமாக இருந்தது. அதற்குக் கீழே பி.எஸ்.ஏ. என்று போட்டு, எதிரே ஓர் எண் கறுப்பாகத் தடித்து நின்றது.

எனக்கு ஒரு நோவும் கிடையாது. கன்னட நாட்டில், மண்டி மொஹல்லா என்ற கடைவீதியில் போர்வெல் மோட்டார், பைப், வால்வு விற்கிற கடை எனக்கு. காலையில் ஷட்டரைத் தூக்கினால் இருட்டும்வரை நின்றுகொண்டே இருப்பேன். மூத்திரம் கொஞ்சம் அடிக்கடி வரும். வயசானால் யாருக்குத்தான் வராது என்று விட்டிருந்தேன். அந்த எண் அதிகம் என்று ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். மூத்திரப் பைக்கு அடியில் இருக்கிற புராஸ்டேட் சுரப்பியில் புற்று என்று வந்தது.

இந்தச் சனியனை எனக்கு முன்பே தெரியும். ஹனூரில் என் பெரியப்பாவுக்கு இதுதான். அப்போது யாரும் பெயர் சொல்லவில்லை, மூத்திரக் கோளாறு என்றார்கள். பிறகு முதுகு வலி என்றார்கள். கடைசியில் எலும்பெல்லாம் பரவி, கட்டிலில் அவரைப் புரட்டிப் போட நாங்கள் நாலு பேர் பிடித்தோம். அந்த மனுஷன் வலியில் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. அதனால் ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

ஆனாலும் டாக்டர் படம் போட்டார். என் மாப்பிள்ளையைவிடச் சின்ன வயசு. கன்னடக்காரர், நிதானமானவர். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு பை வரைந்தார், அதன் அடியில் ஒரு பந்து, பந்துக்கு நடுவே ஒரு குழாய். "பந்த எடுத்துட்டு மேல் குழாயையும் கீழ்க் குழாயையும் சேத்துத் தச்சிடுவோம். வால்வு கொஞ்ச நாள் சரியாப் பிடிக்காது, ஒழுகும்" என்றார். நாள் முழுக்க வால்வு விற்கிறவனுக்கு வால்வு பாடம். எனக்கு எரிச்சலாக வந்தது. சில வால்வு எத்தனை தரம் மாற்றினாலும் பிடிக்காது என்பது எனக்குத் தெரியும் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஆமா. சில பேருக்கு அப்படியும் ஆகும்" என்றார். அந்த நேர்மைக்காகவே அவரிடம் போவது என்று முடிவு செய்தேன்.

மூன்று வழி சொன்னார். முதல் வழி, எதுவும் செய்யாமல் அடிக்கடி பரிசோதித்துப் பார்த்துக்கொண்டே இருப்பது. சாதுவான வகைக்கு அது சரி, உங்களுடையது அவ்வளவு சாது இல்லை என்றார். இரண்டாவது ரேடியேஷன். வாரக்கணக்கில் தினம் வந்து படுக்க வேண்டும், கூட ஹார்மோன் ஊசி. கத்தி இல்லை, ஆனால் ஊசியில் உடம்பு துவண்டுபோகும், பின்னால் மலத்தில் ரத்தம் வரலாம், அதற்குப் பிறகு நோய் திரும்பினால் ஆபரேஷன் செய்வது கஷ்டம். மூன்றாவது ஆபரேஷன். நோய் இன்னும் உறையைத் தாண்டவில்லை, மொத்தமாக வெளியே எடுத்துவிடலாம். எடுத்ததைச் சோதித்தால் எவ்வளவு தூரம் போயிருந்தது என்று நிச்சயமாகத் தெரியும். திரும்பி வந்தாலும் ரேடியேஷன் கையிருப்பில் இருக்கும். நஷ்டம் இரண்டு. ஒன்று ஒழுகல். இன்னொன்றைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார். "தாம்பத்தியம்" என்றார். நான் தலையை ஆட்டினேன். "அவசரமில்ல, ஆனா வருஷக்கணக்கா இழுக்காதீங்க" என்று அனுப்பிவிட்டார்.

வீட்டில் எல்லோருக்கும் ஆளுக்கொரு கருத்து. பெங்களூரில் இருக்கும் மகள் போனிலேயே ஆஸ்பத்திரி நடத்தினாள். ஒழுகலைப் பற்றி, தையலைப் பற்றி, மயக்க மருந்தைப் பற்றி எல்லாம் படித்துச் சொன்னாள். இரண்டாவது நஷ்டம் வந்த இடத்தில் தமிழ் நின்றுபோய், "ஆமேலே நோடோணப்பா" என்று கன்னடத்துக்குத் தாவினாள். பிறகு பார்க்கலாம் என்று அர்த்தம். அவள் மேல் என்ன தப்பு, எந்த மகள் அதைப் படித்து அப்பனிடம் சொல்லுவாள்? மச்சினன் கொள்ளேகாலிலிருந்து வந்து சுருக்கமாக முடித்துவிட்டான். "செவுரு இருந்தாத்தான மச்சான் சித்தரம்? உசுருக்கு முன்னால மத்ததெல்லாம் என்னுங்க?" சொல்லிவிட்டு இரண்டு இட்லி அதிகம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பேச்சு அடுத்தவன் உடம்பைப் பற்றி என்றால் வயிறு நன்றாகவே பசிக்கும்.

இவர்கள் பேச்சு எனக்கு உதவவில்லை. ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவனைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றிருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் என் பழைய வாடிக்கையாளர் ஒருவர், கரும்பும் நெல்லும் போடுகிறவர், இதே ஆபரேஷனைச் செய்துகொண்டிருந்தார். மோட்டாரைப் பார்க்கிற சாக்கில் போனேன். வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்தோம். நான் கேட்பதற்கு முன்னாலேயே அவர் புரிந்துகொண்டார். முதல் மூன்று மாதம் குழந்தைக்குக் கட்டுவதுபோலப் பேடு கட்டிக்கொண்டு திரிந்ததாகச் சொன்னார். கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாராம், ரங்கநாதர் முன்னால் நின்று ஒழுகுவதா என்று. இப்போது இருமினால், மூட்டை தூக்கினால் மட்டும்தான். அப்போதும் சைக்கிள் பையில் மாற்று வேட்டி ஒன்று இருந்தது, எடுத்துக் காட்டினார்.

அந்த இரண்டாவது கேள்வியை நான் சுற்றி வளைத்துக் கேட்டேன். வீட்டில் எப்படி, சௌக்கியமா, எல்லாம் பழையபடி ஆகிவிட்டதா என்று. அவர் கரும்பைப் பார்த்துக்கொண்டே, "அது ஆய்த்து பிடி" என்றார். கன்னடத்தில், அது முடிந்தது, விடுங்கள் என்று அர்த்தம். அதற்குள் அவர் மனைவி காபியோடு வருவதைப் பார்த்துவிட்டு, இருவரும் அவசர அவசரமாக மோட்டாரின் குதிரைசக்தியைப் பற்றிப் பேசினோம். திரும்பும்போது அவர் பஸ் வரைக்கும் கூட வந்தார். "சாவைவிட இது மேல்தான். ஆனா சும்மா கெடைக்கல" என்றார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்தவர் கண்ணில் தூசியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இனிமேல் சொல்லப்போவதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் இந்தக் கதையே இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. யாரும் உத்தரவு போடுவதில்லை, ஆனால் எல்லோரும் செய்வார்கள். மகளுக்குப் பிள்ளை பிறந்துவிட்டால் தாத்தாவும் பாட்டியும் தனித்தனியாகப் படுக்க வேண்டும். மகள் பிரசவத்துக்கு வந்தபோது என் மனைவி தன் பாயை உள்ளறைக்குக் கொண்டுபோனாள், என் கட்டில் கூடத்துக்கு வந்தது. மகள் புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போனாள், பாய் திரும்பி வரவில்லை. பேரன் எடுத்த வீட்டில் ஒரே அறையில் படுத்தால் ஒறம்பரை என்று வந்து போகிற சொந்தக்காரர்கள் கேலி பேசுவார்கள். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

ஆனால் ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கடை கிடையாது. மதியம் சாப்பிட்டுத் தெரு அடங்கிய பிறகு அவள் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு, "வெயிலுக்குச் சித்த கதவச் சாத்துங்க" என்பாள். எல்லா ஞாயிறும் இல்லை. என்னிடம் இளமைத் துள்ளல் ஒன்றும் மிச்சமில்லை, பாதி நாள் பேசிக்கொண்டே தூங்கிப்போவோம். ஆனால் அது இருந்தது. வாரம் முழுக்க எவனெவனோ விலையைக் குறை, கடனைத் தள்ளு என்று என் உயிரை வாங்குவான். அந்த ஒரு மதியத்தில் எனக்குக் கோபம் வராது. அது போய்விடும் என்று நினைத்தபோது, பெரியப்பாவின் கட்டிலை நினைத்து வந்த பயத்துக்கு இது ஒன்றும் குறைந்ததாக இல்லை. இதை யாரிடம் போய்ச் சொல்லுவது? அவளிடமே சொன்னதில்லை. இத்தனை வருஷத்தில் நாங்கள் அதைப் பற்றி வாயால் பேசியதே கிடையாது. கதவைச் சாத்துங்க என்பதுதான் எங்கள் மொத்தப் பேச்சும்.

பார்த்துப் பார்த்துக் கடைசியில் ஆபரேஷன் என்றே முடிவானது. பெரியப்பாதான் முடிவு செய்தார் என்று சொல்லலாம். தேதி வாங்குவதற்கு மனைவியோடு போனேன். டாக்டரின் அறையில் ஒரு நர்ஸும் இருந்தாள், எங்கள் பேத்தி வயசு இல்லை என்றாலும் மகளைவிடச் சின்னவள். டாக்டர் எம்.ஆர்.ஐ. படத்தைத் திரையில் போட்டார்.

"இன்னொரு விஷயம் முடிவு பண்ணணும்" என்றார். "இந்தப் பந்துக்கு ரெண்டு பக்கமும் நரம்பு ஒட்டிக்கிட்டுப் போகுது. தாம்பத்தியத்துக்கான நரம்பு. வலதுபக்கம் புத்து நரம்புக்கிட்ட வந்துடுச்சு, அத எடுத்தே ஆகணும். இடதுபக்கம் அவ்வளவு இல்ல. நரம்ப மெதுவா உரிச்சு விட்டுடலாம். விட்டா, பின்னால ஓரளவு திரும்ப வாய்ப்பு இருக்கு, உறுதியா சொல்ல மாட்டேன். ஆனா அங்க கண்ணுக்குத் தெரியாம ஏதாவது ஒட்டிக்கிட்டு இருந்தா அதுவும் தங்கிடும். ரெண்டையும் எடுத்தா மனசுக்கு நிம்மதி, ஆனா அந்தப் பக்கம் கதை முடிஞ்சது. இது என் முடிவு இல்ல, உங்க முடிவு. உங்களுக்கு அது முக்கியமா?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் வாயைத் திறக்கச் சற்று நேரமானது. அந்த இடைவெளியில் டாக்டர் என் மனைவியைப் பார்த்தார். "அம்மா, நீங்க என்ன சொல்றீங்க?"

அவள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். நர்ஸைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள், யாரோ தெரியாதவர்கள் வீட்டில் சிரிப்பதுபோல. "எங்களுக்கென்னுங்க டாக்டர், பேரன் எடுத்தாச்சு. அதெல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சுங்க. அவரு நல்லபடியா இருந்தாப் போதும், ரெண்டையும் எடுத்துருங்க" என்றாள்.

எப்பவோ முடிந்துபோச்சாம். பத்து நாள்கூட ஆகியிருக்காது. நான் சுவரில் மாட்டியிருந்த சிறுநீரகப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று நான் சொன்னால் என்ன ஆகும்? இவள் பொய் சொல்கிறாள் டாக்டர் என்று, அந்தச் சின்னப் பெண்ணின் எதிரில் கட்டினவளை அம்பலப்படுத்தியது மாதிரி ஆகும். அதுவும் போகட்டும், அவளுக்கு வேண்டாம் என்றுதானே சொல்லிவிட்டாள்? இத்தனை நாளும் எனக்காகத்தான் கதவைச் சாத்தச் சொன்னாளோ என்னவோ. அந்த நினைப்பு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. "அப்ப ரெண்டு பக்கமும்?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். நாக்கு என்று ஒன்றைக் கடவுள் எனக்கு எதற்குக் கொடுத்தானோ தெரியவில்லை. கடையில் மட்டும் எட்டூருக்குக் கேட்கும்.

ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக நடந்தது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். டியூப் வழியாக ரத்தம் கலந்த மூத்திரம் பையில் இறங்கிக்கொண்டிருக்க, பார்க்க வந்தவர்களிடம் என் மனைவி கிட்னியில் கல் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். டியூபை எடுத்த அன்று படுக்கையிலிருந்து எழுந்து நின்றேன். நின்றதுதான் தெரியும், கால் வழியே வெதுவெதுவென்று இறங்கியது. அடக்கிப் பார்த்தேன். அடக்குவதற்கு அங்கே எதுவும் இருந்ததாகவே தெரியவில்லை. அவள் துணியைக் கொண்டுவந்து துடைத்தாள். "விடு, நர்ஸ் பாத்துக்குவா" என்று கத்தினேன். அவள் விடவில்லை.

ரிப்போர்ட் வந்தபோது டாக்டருக்கு முகமெல்லாம் சந்தோஷம். புற்று உறையைத் தாண்டவில்லை, வெட்டிய ஓரம் எல்லாம் சுத்தம். "இடதுபக்கம் ரொம்ப தூரத்துக்கு ஒண்ணுமே இல்ல" என்றார்.

"அப்ப அந்த நரம்ப விட்டிருக்கலாமா?" என்று கேட்டேன்.

அவர் ரிப்போர்ட்டை மடித்து வைத்தார். "விட்டிருக்கலாம். ஆனா எடுத்துப் பாத்ததாலதான் அது தெரியுது. தவிர நீங்க ரெண்டு பேரும் வேண்டாம்னு சொன்னீங்களே" என்றார். நல்ல மனுஷர், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மனைவி வெளியே மருந்து வாங்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் இதை நான் சொல்லவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பி.எஸ்.ஏ. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஒழுகல் குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை. இருமும்போது கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொள்வேன். கடையில் கறுப்பு பேன்ட்டைத் தவிர வேறு போடுவதில்லை. வாடிக்கையாளர் யாராவது மூக்கை உறிஞ்சினால், நம்மிடமிருந்துதான் வாடை வருகிறதோ என்று உடம்பு கூசும். இதற்கெல்லாம் பழகிவிடலாம். மற்றது வரவில்லை. மாத்திரை கொடுத்தார்கள், தலை வலித்ததுதான் மிச்சம். அதற்கு முன்னால் போட்டுக்கொள்கிற ஊசி ஒன்று உண்டு என்றார்கள். முடிந்துபோச்சு என்று சொன்னவளிடம் போய் ஊசி போட்டுக்கொண்டு நிற்பதா? போதுமடா சாமி என்று விட்டுவிட்டேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடையைத் திறக்க ஆரம்பித்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு, அவள் ஆட்டோ பிடித்துக் கடைக்கே வந்துவிட்டாள், கையில் சோற்றுக் கேரியரோடு. சந்தில் பாதிக் கடை சாத்தியிருந்தது. பைப் கட்டுகளுக்கு நடுவே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழம கடைக்கு ஆரு வர்றா? என்ற மூஞ்சில முழிக்கப் புடிக்கலீன்னா அதச் சொல்லிப்போடுங்க" என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "நீதான டாக்டர்கிட்ட எல்லாம் முடிஞ்சு போச்சுன்ன? முடிஞ்சுபோன வீட்ல மத்தியானத்துல எனக்கு என்ன வேல?" என்று கத்தினேன். கூடவே அந்த ரிப்போர்ட்டையும் சொன்னேன். இடதுபக்கம் சுத்தமாக இருந்ததாம், விட்டிருக்கலாமாம், உன் வாயால்தான் போனது என்று சொன்னேன்.

கேரியரைத் திறக்கப் போனவள் அப்படியே மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாந்தான் சொன்னேன். ஆரு இல்லீங்கறா? அந்த நர்ஸுப் புள்ள நின்னுக்கிட்டிருக்குது, டாக்டரு என்ற மூஞ்சியவே பாக்கறாரு. பேரன் எடுத்த பொம்பள, எங்களுக்கு அது வேணுமுங்கன்னு வாயத் தொறந்து சொல்லுவாளாங்க? நீங்க குறுக்க பூந்து, இல்லீங்க டாக்டர், இவ கெடக்கறா, எங்களுக்கு வேணும்னு சொல்லுவீங்கன்னு உங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்துட்டீங்க."

"நான் என்னன்னு சொல்றது? நீ வேண்டாங்கறப்ப?"

"அப்பத்தானுங்க எனக்கு வெளங்குச்சு, இவருக்கும் போதும்னு ஆயிருச்சாட்ட இருக்குதுன்னு. இத்தன நாளும் பாவம்னு எனக்கோசரம்தான் இருந்திருக்கறாருன்னு." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ஆஸ்பத்திரில உங்களுக்குத் தொடச்சுவிடறப்பக்கூட அதத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"போதும்னு நான் எப்பச் சொன்னேன்?"

"சொல்லலீங்க. போதும்னும் சொல்லல, வேணும்னும் சொல்லல. கண்ணாலம் கட்டிக்கிட்டு வந்த நாள்லயிருந்து ஒருவாட்டிகூடச் சொன்னதில்லீங்களே."

அவள் சொன்னது நிஜம். இத்தனை வருஷத்தில் நீ வேண்டும் என்று அவளிடம் நான் ஒரு தரமும் வாயால் சொன்னதில்லை. அவள் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். இனி எதை வைத்துக்கொண்டு வேண்டும் என்பது?